புது ரிப்பன்

“இன்னாம்மா கிரேஸி, ரிப்பன் இன்னா உங்கப்பன் வீட்டுச் சொத்தா?”

மேனேஜர் ரத்தினசாமியின் மூக்கடைத்த குரலை அப்படியே உரித்து வைத்தாள் டைப்பிஸ்ட் கிரேஸி. அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியின் டிசைன் மாஸ்டர் ஹயாத் பாஷா, பக்கத்தில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அதையேதாம்மா நானும் கேக்க வந்தேன்.”

வாசலில் நிஜக் குரல். சிரிப்பு அறுந்தது.

ரத்தினசாமி டைப்ரைட்டரிலிருந்து தாளை உருவினார். தாள் முழுக்க ஓ, எக்ஸ், கோடு.

“ஷூவுக்கு டிசைன் கேட்டா, இது இன்னா கோலமா?”

“டிசைன்தான் சார். ஓ போட்ட இடம் ஓட்டை. எக்ஸ் தையல். கோடு வெட்டு. கட்டிங் செக்‌ஷன்ல இதை வெச்சுத்தான் இப்பல்லாம்...”

“பாய் ஒரு கோடு இழுத்தா ஜெர்மன்காரனே வாயைப் பொளப்பான். அவரை வரைய வேணாம்னு யாரு சொன்னது?”

“நான்தான் சார். ஜெர்மனிக்கு டெலெக்ஸ் மெஷின்ல எழுத்துதான் போகும், படம் போகாது. இது அப்படியே போகும்.”

“ஓஹோ! மாஸ்டருக்கே ஆர்டர் போடறியா? உன் சீட்டைக் கிழிச்சாத்தான் சரிப்படும். பாய், இந்தாங்க பென்சில். இங்கயே வரைங்க.”

பாஷாவின் வலது கை ஜேபியை விட்டு வரவில்லை.

“அவருக்கு வேலை இருக்கு சார்...” கிரேஸிக்கு இப்போது சொந்தக் குரலே பாதிதான் வந்தது.

“நீ வாயை மூடு!”

கை வெளியே வந்தது. பென்சிலைப் பிடித்தது. ஆடிய ஆட்டத்தில் பென்சில் தாளில் கிறுக்கி, மேஜையில் உருண்டு, தரையில் விழுந்தது.

யாரும் குனியவில்லை.

“பொண்ணை ஒண்ணும் செய்யாதீங்க சார்” என்றார் பாஷா, தரையைப் பார்த்தபடி. “நான் வாயால சொல்றேன். அது அடிக்குது. அவ்ளோதான்.”

ரத்தினசாமி டைப்ரைட்டர் பக்கம் கையைக் காட்டினார்.

“மெமோ. அடி” என்றார் கிரேஸியிடம்.

ரெண்டு பேர் சோற்றிலும் மண்ணைப் போடும் தாளை நானே அடிக்கணுமா? கிரேஸிக்கு விரல் ஓடவில்லை.

“எல்லா டிசைனருக்கும். இன்னியிலேர்ந்து டிசைன் எல்லாம் டைப் அடிச்சுத்தான் வரணும். கையால வரைஞ்சது செல்லாது. எவன் கையில பென்சிலைப் பார்த்தாலும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்.”

அவள் நிமிர்ந்தாள். ரத்தினசாமி குனிந்து பென்சிலைப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா பாக்கறே? போய் புது ரிப்பன் வாங்கி மாட்டு. ஓ எல்லாம் மங்கலா விழுது. பாய் டிசைன்னா பளிச்சுன்னு இருக்க வேணாமா?”