கொடியில் கிடந்த சட்டை

பச்சைக் குழந்தையைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிய வளர்மதி, அதன் சட்டையைத் துவைத்துக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தாள்.

"பைத்தியம் கிளிப் போடுமா, யுவர் ஆனர்?" அரசு வக்கீல் மீசையைத் தடவிக்கொண்டார்.

கூண்டருகே காவலுக்கு நின்ற ஏட்டம்மா தெரசம்மாள் அவரை முறைத்துப் பார்த்தாள். பிரசவமான நாளிலிருந்து தூங்காமல் சுவரோடு பேசிக்கொண்டிருந்தவளைப் பற்றி இந்த மேதைகளில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வெளியே மழை பிடித்தது. குழந்தை போய் வருஷம் ஒன்று ஓடியும் கூண்டுக்குள் வளர்மதி பதறினாள். "அக்கா, கொடியில பாப்பா சட்டை கெடக்கு, எடுங்கக்கா!"

"பார்த்தீங்களா? ஞாபகம்கூடத் தெளிவா இருக்கு," என்று வக்கீல் பூரித்தார். நீதிபதி அதையும் குறித்துக்கொண்டார்.

மேசைமேல் அரக்கு முத்திரை வைத்த உறைக்குள் அந்தச் சட்டை இருந்தது.

"எடுத்தாச்சும்மா," என்றாள் தெரசம்மாள். "நனையல."