எதிர்த்தரப்பு

இலவச சட்ட உதவி மையத்தின் பெஞ்சில் அவனும், இறந்துபோன மனைவியின் தங்கையும் இடைவெளி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். குழந்தை அவள் மடியில். ஜன்னல் வெயிலில் மின்னும் அவள் சங்கிலியைக் கடித்துக்கொண்டே "அம்மா" என்கிறது. அவன் ஒரு பிஸ்கட்டை நீட்டுகிறான். குழந்தை அதை வாங்கி அவள் வாயில் திணிக்கிறது. குமாஸ்தா எட்டிப் பார்க்கிறார். "குடும்பமா வந்திருக்கீங்க. கேஸ் யார் மேல?" "இவர் மேலதான். பிள்ளையை நான்தான் வளர்க்கிறேன்" என்கிறாள் அவள். "பெத்தவன் நான் இருக்கேன்ல?" என்கிறான் அவன். "சரிதான். அப்போ ஆளுக்கொரு வக்கீல். முதல்ல நீங்க வாங்கம்மா. குழந்தை வெளியில இருக்கட்டும்." அவள் குழந்தையை அவனிடம் கொடுக்கிறாள். அது வீறிட்டு அவன் நெஞ்சில் உதைக்கிறது. கைகள் இரண்டும் அவள் பக்கமே நீள்கின்றன. கதவு வரை போனவள் திரும்பி வந்து, தன் சால்வையை உருவி அவன் தோளில் போடுகிறாள். "இனி அழ மாட்டா, மாமா." குழந்தை சால்வைக்குள் முகம் புதைத்து, விக்கி, அடங்குகிறது. சால்வையை உருவி எறியக் கை வராமல் அவன் அசையாது உட்கார்ந்திருக்கிறான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் அவனுக்கு எதிராக வக்கீல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.