முதலையின் வாய்க்குள் வகுப்பு

ஆற்றங்கரையில் ஓர் ஆள்காட்டிப் பறவை, முதலையின் பல்லிடுக்கைச் சுத்தம் செய்ய இளம் பறவைகளுக்குக் கற்றுக்கொடுத்து வந்தது. யார் தடுமாறினாலும், “தள்ளு, நானே செய்கிறேன்” என்று தானே வேலையை முடித்துவிடும். பொழுது சாய்வதற்குள் அதன் அலகு மரத்துப்போகும்.

“இவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. அலுத்துவிட்டது எனக்கு” என்றது ஒருநாள்.

“எனக்கும்தான்” என்றது முதலை. “இன்று நீ கரையிலேயே இரு. குத்தினால் வலி எனக்குத்தானே?”

இளம் பறவை ஒன்று வாய்க்குள் போனது. அலகு ஈறில் பட்டு ரத்தம் கசிந்தது. ஆசிரியப் பறவை பறக்க எழுந்து, பிறகு சிறகை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தது.

“வலிக்கிறதா?” என்று கேட்டது இளம் பறவை.

“கொஞ்சம். இதுவரை யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை” என்றது முதலை.

கரையில் இருந்த ஆசிரியப் பறவை இன்னும் சற்றுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியது.