நஸீறா டீச்சரின் நாவல்

விடுமுறைக்கு முதல்நாள் நஸீறா டீச்சர் தன் வீட்டு நாவலொன்றை வகுப்பில் உயர்த்திக் காட்டினார்.

“லீவுல சும்மா திரியாம வாசிங்க புள்ளையள். இத நான் மூணுதரம் வாசிச்சிருக்கன்.”

ஸுல்பிகா ஆசையோடு வாங்கிப்போனாள்.

பள்ளிக்கூடம் திறந்ததும் கண்கலங்கி வந்து நின்றாள்.

“மன்னிச்சிடுங்க டீச்சர். வாப்பாட பிளேட்டால புத்தகத்த வெட்டிட்டன்.”

“என்ன புள்ள! புத்தகத்தயா வெட்டின?” டீச்சர் பிரம்பை எடுத்தார்.

“அச்சுக்கூடத்துல ஓரம் வெட்டாம உட்டிருக்காங்க டீச்சர். முதல் பக்கத்துல இருந்தே தாளெல்லாம் ஒண்டோட ஒண்டு சேந்துதான் இருந்திச்சி. வெட்டாம எப்பிடி வாசிக்கிற?”

வகுப்பே டீச்சரைப் பார்த்தது. அவர் பிரம்பை மேசையில் வைத்தார்.

“நான் சொன்னது பொய் மகள்,” என்றார், தலை நிமிராமலே. “அந்தக் கதைய நீங்களே சொல்லுங்க. நானும் கேக்கிறன்.”