பதினாறு கிலோ

பூண்டுலோயாப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றின் ஒபிசுக்காக, 2004இல் மயூரதன் ஜாவாவில் ஒரு இணையச் செயலி எழுதினான். பொத்தானை அழுத்தினால், அன்று யார் எத்தனை கிலோ கொழுந்து பறித்தார்கள் என்ற பட்டியல் பிடிஎஃப் ஆக வரும். அது சரியென்று தோட்ட மனேஜரான துரை கையெழுத்து வைத்தால், அவன் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம். அவன் வந்து மூன்று வாரமாகிவிட்டது.

பட்டியலின் கடைசி வரியில் அவன் பெயரே வந்துகொண்டிருந்தது. பதினாலு கிலோ. தரவுத்தளத்தில் அந்தப் பெயர் இல்லை. மறுநாள் பதினாறு கிலோ.

"கை பழகிருச்சுங்க தம்பி," என்றார் கங்காணி இராசமணி, தாளைப் பார்த்து. "முத்தல் இலைதான் ரொம்பக் கலக்குறீங்க."

"நான் மலைப்பக்கமே போகேல்லை, அண்ணை."

"புதுசா வர்றவங்க எல்லாரும் அப்படித்தாங்க சொல்லுவாங்க."

அந்தப் பெயரை எடுத்தால்தான் கையெழுத்து என்றார் துரை. மயூரதன் எடுத்தான். உடனே பட்டியலைவிடத் தொழிற்சாலைத் தராசில் பதினாறு கிலோ கூடுதலாக நின்றது. தராசு பொய் சொல்லாது, பெயரைத் திரும்பப் போடு என்றார் துரை. அலுத்துப்போய்ப் போட்டான். கணக்குச் சரியாக வந்தது. துரை கையெழுத்து வைத்தார்.

மத்தியான பஸ்ஸில் ஏறியபோது மயூரதனுக்கு இடுப்பு விண்ணென்று வலித்தது. டிக்கெட்டுக்குக் கையை நீட்டினான். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கொழுந்துக்கறை கறுப்பாகப் படிந்திருந்தது.

கொண்டக்டர் அந்தக் கையைப் பார்த்தார்.

"என்னங்க, இன்னைக்கு மலையில நேரத்தோட விட்டுட்டாங்களா?"