உங்களிடம் வந்துவிடுவேன்

வாசல் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார் பெரியப்பா. "இனி இவ எப்படி ஓடிப்போறான்னு நானும் பாக்கறேன்."

அப்பாவின் கையிலிருந்த பத்திரிகை நழுவியது. சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அப்பாவின் அண்ணன் காரணமில்லாமல் கதவைப் பூட்டுகிறவர் அல்ல. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்ப மானம் தன் பொறுப்பில் இருப்பதாக நினைப்பவர்.

"யாருண்ணா ஓடிப்போறது?"

"உன் அருமை மகதான். கேட்டுக்கோ." கைபேசியை எட்டப் பிடித்து, தீர்ப்பு வாசிக்கும் குரலில் ஆரம்பித்தார். "'இன்று மாலை உங்களிடம் வந்துவிடுவேன். இனியும் மறைந்திருக்க என்னால் முடியாது. வீட்டில் யாருக்கும் இன்னும் தெரியாது. நீங்கள் எனக்காகக் காத்திருந்தால் அதுவே போதும்.'"

"ஐயையோ!" அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"கவனிச்சீங்களா? 'உங்களிடம்'! 'நீங்கள்'! பேரைக்கூடச் சொல்லலை. தாலி ஏறறதுக்கு முன்னாடியே புருஷனுக்குக் குடுக்கற மரியாதை!"

"அது எப்படிண்ணா உங்களுக்கு வந்தது?"

"அவசரத்துல எதையோ அமுக்கித் தொலைச்சிருக்கா. அவனுக்குப் போக வேண்டியது எனக்கு வந்துடுச்சு. நம்ம நல்ல நேரம்."

அறைக்கதவு திறந்தது. கழுத்தில் பெரிய ஹெட்போன், தோளில் பையுடன் மகள் வெளியே வந்தாள். அம்மா பாய்ந்துபோய்ப் பையைப் பிடுங்கித் திறந்தாள். உள்ளே துண்டில் சுற்றிய ஒரு மைக்கும், சிக்கலாகக் கிடந்த ஒயர்களும்தான் இருந்தன.

"மாத்துத் துணிகூட எடுத்துக்காமலாடி ஓடறே!"

"நான் எங்கயும் ஓடலைம்மா. பாட்டுதான் வருது."

"எந்தப் பாட்டு?"

"என் பாட்டு. நானே எழுதி, நானே பாடி, என் ரூம்லயே பதிவு பண்ணினது. இரவல் வாங்கின மைக்கைத் திருப்பிக் குடுக்கத்தான் கிளம்பினேன். பாட்டு சாயங்காலம் வெளியாகுது. பாட்டே பேசற மாதிரி மெயில் எழுதினேன், அவ்வளவுதான்."

பெரியப்பா விடுவதாக இல்லை. "அப்போ அந்த 'உங்களிடம்' யாரு?"

"அது பன்மை, பெரியப்பா. நானூறு பேருக்கு அனுப்பினேன்."

"நானூறு பேரா!" பெரியப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஒருத்தன்னா கூப்பிட்டுப் பேசி அனுப்பலாம். நானூறு பேரை எங்க கொண்டுபோய் உக்கார வைக்கிறது?"

"எல்லாரும் ரசிகர்கள், பெரியப்பா!"

அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வந்த சிரிப்பு, அண்ணனைப் பார்த்ததும் இருமலாக மாறியது. அம்மா அந்தச் சிரமமெல்லாம் படவில்லை; கரண்டியால் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்த சிரிப்பு.

"ஆனா ஒண்ணுதான் புரியலை. உங்க மெயில் முகவரியே எனக்குத் தெரியாதே?" என்றாள் மகள்.

"பேச்சை மாத்தாதே!" பெரியப்பா நிமிர்ந்து நின்றார். "ஓடிப்போயிருந்தா நம்ம தெருவுக்கு மட்டும்தான் தெரியும். பாடினா ஊருக்கே தெரியும். நம்ம குடும்பத்துப் பொண்ணு, 'வந்துவிடுவேன், காத்திருங்கள்'னு கண்டவங்களுக்கெல்லாம் எழுதறதா? இன்னைக்குப் பாட்டு வரக் கூடாது. இனிமே மெயிலும் போகக் கூடாது. என்னடா சொல்றே?"

கடைசிக் கேள்வி தம்பிக்கு. அப்பா அண்ணன் கிழித்த கோட்டை இதுவரை தாண்டியதில்லை. "அண்ணா சொன்னா..." என்று தரையைப் பார்த்து முனகினார்.

மகளின் முகம் சுருங்கிப்போனது. வெளிச் சத்தம் கேட்காமலிருக்க மின்விசிறியை நிறுத்தி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, வியர்த்து வழிய வழியப் பாடிய பாட்டு அது.

"கண்டவங்களுக்கெல்லாம் நான் அனுப்பலை" என்றாள். குரல் உடைந்திருந்தது. "என்னோட இணையப் பக்கத்துக்கு வந்து, தானா முகவரி குடுக்கறவங்களுக்கு மட்டும்தான் போகும். குடுத்தா மட்டும் போதாது. 'நிஜமாவே வேணுமா?'ன்னு திரும்ப ஒரு மெயில் கேக்கும். அதுக்கும் 'ஆமா'ன்னு அமுக்கணும். பிடிக்கலைன்னா, கடைசியில 'விலக'ன்னு ஒரு வரி இருக்கு. அதைத் தொட்டா போதும், அப்புறம் என் பாட்டைப் பத்தி ஒரு எழுத்துகூட..."

சட்டென்று நிறுத்தினாள். அவள் பார்வை பெரியப்பாவின் கைபேசியில் போய் நின்றது. அப்பாவின் பார்வையும் அங்கே போனது.

"அப்படின்னா, உங்க போனுக்கு இது..." என்று இழுத்தாள் அம்மா.

பெரியப்பாவின் காது மடல்கள் சிவந்தன. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். மெயிலின் அடிவரை நகர்த்தி, அந்த வரியை அவருக்குக் காட்டினாள்.

"இதோ இருக்கு, பெரியப்பா. நீங்களே தொட்டுடுங்க."

பெருவிரல் அந்த வரிக்கு மேலே போய் நின்றது. நின்றபடியே இருந்தது. பிறகு மெல்ல மடங்கியது. பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முதல்ல பாட்டு வரட்டும்."