கியூ செத்துப்போச்சு

"கியூ செத்துப்போச்சுண்ணே" என்று லீமா பில்லியர்ட்ஸ் பந்தை அடிக்கும் தன் கோலை, கியூவை, முபாரக்கிடம் நீட்டினாள். ஒரு வாரமாகப் பந்தை அடித்தால் அதிர்வு கைக்கு வந்து சேரவில்லையாம். அடித்த மறுகணமே, அந்த அதிர்வை வைத்துத்தான் பந்து எங்கே போய் நிற்கும் என்று அவள் பார்க்காமலே சொல்வாள். நாளை மாநிலப் போட்டி.

கியூக்களைப் பழுதுபார்ப்பது முபாரக்கின் தொழில். நுனித் தோலை விரலால் சுண்டிப் பார்த்தார், இறுகிப்போகவில்லை. நடுவே திருகும் பித்தளை மூட்டு தளரவில்லை. மேப்பிள் மரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அவரே ஒரு பந்தை அடித்துப் பார்த்தார். மணியை அடித்துவிட்டுத் தொட்டாற்போல ஒரு நடுக்கம் முழங்கை வரை ஏறியது.

"நல்லாத்தானம்மா இருக்கு."

"எனக்கு ஒண்ணுமே வரலியே. கார்பன் கியூவுல ஆடிப் பாக்கட்டுமா?"

"அது இருக்குற அதிர்வையும் முழுங்கிரும். இதப் பிடி."

கடையில் இருந்ததிலேயே அதிகமாக அதிரும் ஆஷ் மரக் கியூவைக் கொடுத்தார். அவள் அடித்த பந்து சடாரென்று குழிக்குள் விழுந்தது. லீமா உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுவும் செத்துதான் கெடக்கு."

முபாரக் கியூவை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தார். அவள் மறுபடி மேசைமேல் குனிந்து குறிபார்த்தபோது பின்னால் போய் நின்றார். கியூவைப் பிடித்திருந்த அவளுடைய சுண்டுவிரலில் நகத்தால் அழுத்தினார். அந்த இடம் வெளுத்தது. இன்னும் பலமாக அழுத்தினார்.

லீமா பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏண்ணே சும்மா நிக்கிறீங்க? எங்கதான் பழுதுன்னு சொல்லுங்களேன்."